நம் வானத்தின் வினாக்கள்

2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தமிழக அரசின் நிதிநிலை அறிக்கையில் இராமேசுவரத்திற்கு விமான நிலையம் அமைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அன்று முதல் நம் மண்டபம் வட்டாரத்தில் அதைப் பற்றிய பேச்சு ஓய்ந்தபாடில்லை. நிலம் எங்கே எடுப்பார்கள், மனை விலை என்ன ஆகும், மதுரை வரை நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட வேண்டிய தொல்லை தீருமா என்பனவே கேட்கப்படும் கேள்விகள். இவை நியாயமான கேள்விகளே. ஆனால் இன்னொரு கேள்வியையும் யாரேனும் கேட்டாக வேண்டும். இந்த உப்புக் காற்றிலும், இந்தப் புயற்கரையிலும், இத்தனை பறவைகள் வந்திறங்கும் இக்கழிமுகங்களின் மேலும் ஒரு விமானம் நாள்தோறும் வந்துபோக வேண்டுமானால், அதற்கு முன் நாம் அறிந்துகொள்ள வேண்டியவை எவை? அவற்றை ஆராய்வது யாருடைய பொறுப்பு?

இது ஓர் ஊரின் கேள்வி போலத் தோன்றினாலும், உண்மையில் நாட்டின் கேள்வி. சிவில் விமானப் போக்குவரத்தில் இந்தியா எதை முதலில் ஆராய வேண்டும், எதைப் பின்னுக்குத் தள்ளலாம், எதைப் பிறரிடம் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று இருபது முப்பது ஆண்டுகளை மனத்தில் கொண்டு வரிசைப்படுத்துவதையே ஆராய்ச்சி முன்னுரிமை என்கிறோம். பணம் குறைவு, அறிவாளிகளின் காலமோ பணத்தைவிடக் குறைவு. ஆகவே எல்லாவற்றையும் ஆராய முடியாது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதிலேதான் தேசத்தின் விவேகம் வெளிப்படுகிறது.

விமானத்தை வாங்கிக்கொள்ளலாமே, ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பாரும் உளர். 2023-ஆம் ஆண்டில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஒப்பந்தம் செய்தன. அத்தனையும் போயிங், ஏர்பஸ் என்னும் இரண்டு அயல்நாட்டு நிறுவனங்களின் தயாரிப்புகள். வாங்குவதில் தவறில்லை. ஆனால் விற்பவர் தம் நாட்டு வானத்தையும் தம் பெரிய வாடிக்கையாளர்களின் வழித்தடங்களையும் நினைத்தே விமானத்தை வடிக்கிறார். நமக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கலுக்காக அவர் தம் ஆராய்ச்சிக்கூடத்தின் விளக்கை எரியவிடுவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இத்துறையில் நம் நாட்டின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். தேசிய வானூர்தி ஆய்வகம் 1959-இல் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டே பெங்களூரில் நிலைகொண்டது. 1960-களிலேயே அங்கு ஒலியைவிட வேகமாகக் காற்றைச் செலுத்திச் சோதிக்கும் பெரிய காற்றுச் சுரங்கம் இயங்கத் தொடங்கியது. விண்வெளித் துறைக்கும் படைத்துறைக்கும் அது ஆற்றிய தொண்டு பெரிது. ஆயினும் பயணிகள் ஏறிச்செல்லும் விமானம் ஒன்றை நாமே வடிக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கு உருப்பெற 1980-களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நாட்டின் சிவில் விமானத் தேவைகளை ஆராய்ந்து சொல்லுமாறு ஆய்வகத்தின் ஆராய்ச்சிக் குழு அப்போது பரிந்துரைத்தது. ஒன்பது முதல் பதினான்கு பேர் வரை செல்லக்கூடிய சிறு விமானம் ஒன்று நம் சிற்றூர்களை இணைக்க ஏற்றது என்பது அந்த ஆய்வின் முடிவு. அடுத்த பத்தாண்டுகளில் 250 முதல் 350 விமானங்கள் வரை தேவைப்படும் என்றும் கணக்கிட்டார்கள். அந்த விமானத்திற்கு 1993-இல் 'சரஸ்' என்று பெயரிட்டார்கள்.

தேர்வு நல்ல தேர்வு என்றே நான் கருதுகிறேன். நாட்டின் தேவையிலிருந்து புறப்பட்ட கேள்வி அது. பிறகு நடந்ததோ வேறு. கூட்டாக வந்த உருசிய நிறுவனம் பணமுடையால் விலகியது. 1998-இல் பொக்ரான் அணுச்சோதனைக்குப் பின் வந்த அமெரிக்கத் தடைகளால் உறுப்புகள் கிடைப்பது அரிதாயிற்று. அரசின் முழு ஒப்புதல் 1999-இல்தான் கிடைத்தது. முதல் மாதிரி விமானம் 2004 மே 29 அன்று பறந்தது. ஆனால் திட்டமிட்டதைவிட ஏறத்தாழ 900 கிலோ கூடுதல் எடையோடு பறந்தது. பதினான்கு பேர் செல்லும் விமானத்தில் 900 கிலோ என்பது பயணிகள் அத்தனை பேரின் எடைக்கு ஏறக்குறைய நிகராகும் என்று எண்ணிப் பார்த்தால் சிக்கலின் பருமன் விளங்கும். இரண்டாவது மாதிரி, 2009 மார்ச்சு 6 அன்று, பறக்கையில் நிறுத்திய இயந்திரத்தை வானிலேயே மீண்டும் இயக்கிப் பார்க்கும் சோதனையின்போது பெங்களூருக்கு அருகே பிடதியில் விழுந்து நொறுங்கியது. விமானப்படையைச் சேர்ந்த மூவர் உயிரிழந்தனர். பின்னர்ச் சில ஆண்டுகள் திட்டமே முடங்கிக் கிடந்தது. சீர்திருத்திய விமானம் 2018 ஜனவரி 24 அன்று மீண்டும் பறந்தது. இப்போது பத்தொன்பது இருக்கைகள் கொண்ட வடிவத்தை நோக்கி வேலை நடக்கிறது. 1980-களில் கேட்ட கேள்விக்கு நாற்பதாண்டுக்குப் பிறகும் விடை ஓடுபாதைக்கு வந்து சேரவில்லை.

இதே வேலையைப் பிரேசில் நாடு எப்படிச் செய்தது என்று பார்ப்பது பயனுடையது. பரந்த நிலம், தொலைதூரச் சிற்றூர்கள், போதாத சாலைகள் என்று அந்நாடும் நம்மைப் போன்றதே. அவர்கள் 1950-இல் வானூர்திப் பொறியியற் கல்லூரி ஒன்றை நிறுவினார்கள். அதில் பயின்றவர்களைக் கொண்டே சிறு பயணியர் விமானம் ஒன்றை வடித்தார்கள். 'பந்தெய்ராந்தே' என்னும் அவ்விமானம் 1968-இல் பறந்தது. அதனைத் தயாரிக்க மறு ஆண்டே எம்பிரேயர் நிறுவனம் பிறந்தது. ஏறத்தாழ 500 விமானங்கள் விற்பனையாயின. அவர்களுக்கும் பணத்தட்டுப்பாடு இருந்தது. ஆட்சி மாற்றங்களும் இருந்தன. ஆனால் கல்வி, ஆராய்ச்சி, தயாரிப்பு, வாங்கும் கை ஆகிய நான்கும் ஒரே திசையை நோக்கின. நம் நாட்டிலோ ஆய்வகம் அறிவியல் துறையின்கீழ். விமானத் தொழிற்சாலை பாதுகாப்புத் துறையின்கீழ். விமான நிலையங்கள் வேறோர் அமைச்சகத்தின்கீழ். செயற்கைக்கோள்கள் விண்வெளித் துறையின்கீழ். 1971-இல் அமைந்த வானூர்தி ஆராய்ச்சி வளர்ச்சி வாரியமும் பாதுகாப்புத் துறையைச் சார்ந்ததே. ஐந்து மாடுகள் ஐந்து திசையில் இழுக்கும் வண்டியை ஓட்டுபவர் யாராயினும் அவரைக் குறை கூறிப் பயனில்லை.

முன்னுரிமை என்பது ஒரு தனி மனிதரின் ஆதரவை மட்டும் நம்பி நின்றால் என்ன ஆகும் என்பதற்கு நம் தீவின் மைந்தர் ஒருவரின் வாழ்விலேயே சான்று உண்டு. இராமேசுவரத்தில் பிறந்து, சென்னைத் தொழில்நுட்பப் பயிலகத்தில் வானூர்திப் பொறியியல் பயின்ற அப்துல் கலாம், பெங்களூரில் இளம் பொறியாளராக இருந்தபோது காற்று மெத்தையின்மேல் மிதந்து செல்லும் ஊர்தி ஒன்றை வடித்தார். அதன் பெயர் 'நந்தி'. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் தாமே அதில் ஏறிச் சென்று பார்த்தார். மேனன் 1962-இல் பதவி விலகினார். நந்தியும் மூலையில் சாய்ந்தது. இன்று மண்டபம் கடலோரக் காவற்படை நிலையத்தில் மணலின்மேல் ஏறி நிற்கும் காற்று மெத்தை ஊர்திகளை நாம் பேருந்துச் சன்னலிலிருந்தே கண்டிருக்கிறோம். அவை பிரிட்டிஷ் நிறுவனமான கிரிஃபானின் வடிவமைப்பில் உருவானவை. காவற்படைக்காக ஆறு ஊர்திகளை இந்தியாவிலேயே கட்டுவதற்கு 2024 அக்டோபரில் கோவா நிறுவனம் ஒன்றோடு அரசு ஒப்பந்தம் செய்தது. நந்திக்கும் அதற்கும் இடையே அறுபது ஆண்டுகள்.

இனி, நன்றாக நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நம்மவர் முயற்சிக்கு நீதி செய்தவர்கள் ஆகமாட்டோம்.

விமானம் தரையிறங்கும்போது தான் எங்கே, எத்தனை உயரத்தில் இருக்கிறது என்பதை மிகத் துல்லியமாக அறிய வேண்டும். அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் இடத்தைச் சொல்லும். ஆனால் பல மீட்டர் பிழையோடு சொல்லக்கூடும். அந்தப் பிழைக்குப் பெருங்காரணம், தரையிலிருந்து சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி மண்டலம். வெயிலால் மின்னேற்றம் பெற்ற அந்த மண்டலத்தைக் கடக்கையில் வானொலி அலை தாமதப்படுகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இத்தாமதம் பெரும்பாலும் சீரானது, கணக்கிட்டுக் கழித்துவிடலாம். நம் தலைக்குமேல் அப்படியன்று. புவியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. தும்பாவை இராக்கெட் தளமாகத் தேர்ந்ததும் இக்காரணத்தாலேயே. காந்த நடுக்கோட்டின்மேல் பகலில் எழும் மின்துகள்கள் வடக்கிலும் தெற்கிலும் சென்று குவிகின்றன. பொழுது சாய்ந்த பிறகோ உலைநீரில் கொப்புளங்கள் எழுவதுபோல அம்மண்டலத்தில் வெற்றிடங்கள் கிளம்புகின்றன. அமெரிக்கர் தம் நாட்டிற்குச் செய்த திருத்தக் கணக்கு இங்கே செல்லாது.

இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் விமான நிலையங்கள் ஆணையமும் சேர்ந்து இச்சிக்கலை எடுத்துக்கொண்டன. நாடெங்கும் பதினைந்து அளவீட்டு நிலையங்களை அமைத்து, நம் அயனி மண்டலத்திற்கென்றே ஒரு கணக்கு முறையை வகுத்து, திருத்தங்களைச் செயற்கைக்கோள் வழியே விமானத்துக்கு அனுப்பும் 'ககன்' அமைப்பை உருவாக்கின. 2013 திசம்பரிலும் 2015 ஏப்ரலிலும் அதற்கு இரு நிலைச் சான்றிதழ்கள் கிடைத்தன. நடுக்கோட்டுப் பகுதியில் இவ்வாறு இயங்கிய முதல் அமைப்பு இதுவே. 2022 ஏப்ரலில் இராசத்தானின் கிசன்கட் என்னும் சிறிய நிலையத்தில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் ககனின் துணைகொண்டு இறங்கியது. ஓடுபாதையின் அருகே விலையுயர்ந்த தரையிறங்கு கருவி இல்லாத நிலையம் அது. உச்சிப்புளியிலோ தீவிலோ நாளை ஒரு சிறு நிலையம் வருமானால் அதற்கும் இதுவே பெருந்துணை.

இதில் நான் வியக்கும் செய்தி வேறொன்று. கொடைக்கானல் ஆய்வகத்தில் 1950-களிலேயே அயனி மண்டலத்தை அளந்து பதிவு செய்துவந்தார்கள். அளந்தவர்கள் விமானத்தை நினைத்து அளக்கவில்லை. தும்பாவிலிருந்து ஏவிய சிறு இராக்கெட்டுகளும், திருநெல்வேலிக்கு அருகே புவிக்காந்த நிறுவனம் நடத்தும் ஆய்வகமும் இதே மண்டலத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவந்தன. ககன் வந்தபோது நம் நாட்டில் அந்த வானத்தைப் பழகிய மனிதர்கள் இருந்தார்கள். சரஸுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அதற்குமுன் சிறு பயணியர் விமானத்தை வடித்துப் பழகிய கைகள் நம்மிடம் மிகக் குறைவு. கான்பூரில் கட்டிய ஆவ்ரோவும் டார்னியரும் அயலார் வரைபடங்களிலிருந்து வந்தவை.

அமெரிக்காவில் 2006-இல் தேசிய ஆராய்ச்சி மன்றம் அடுத்த பத்தாண்டுக்குரிய வானூர்தி ஆராய்ச்சிகளை வரிசைப்படுத்தியது. ஐந்து துறைகளில் 51 வினாக்கள். ஒவ்வொரு வினாவுக்கும் இரு வகை மதிப்பெண்கள் இட்டார்கள். பாதுகாப்பு, கொள்ளளவு, எரிபொருள், சுற்றுச்சூழல் போன்றவற்றில் நாட்டிற்கு என்ன நன்மை என்பது ஒன்று. இவ்வேலையை நாசா ஏன் செய்ய வேண்டும், செய்வதற்கு வேறு ஆள் இல்லையா என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது கேள்விதான் நமக்கு மிகவும் வேண்டியது. அவர்களுடைய 51 வினாக்களை அப்படியே பெயர்த்தெழுதி நம் பட்டியல் என்று வைத்துக்கொள்வது எளிது. ஆனால் அது அயலாரின் அளவுக்குத் தைத்த சட்டையை நாம் அணிவதாகும். வேறு எவரும் நமக்காக விடை தேடித் தரமாட்டாத வினா எது என்பதையே நம் முதல் உரைகல்லாகக் கொள்ள வேண்டும்.

அந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தால் மண்டபம் போன்ற ஓர் ஊர் என்ன வினாக்களைத் தருகிறது?

முதலாவது உப்பு. நம் வீட்டுச் சன்னல் கம்பிகளும் மிதிவண்டிச் சக்கரங்களும் எத்தனை நாள் தாங்கும் என்பது நமக்குத் தெரியும். உலகிலேயே அரிமானம் மிகுந்த இடங்களுள் ஒன்றாகப் பாம்பன் பகுதியைப் பொறியாளர்கள் குறிப்பிடுகிறார்கள். விமானத்தின் உடல் அலுமினியக் கலவையால் ஆனது. காற்றுப் பட்டவுடன் அலுமினியத்தின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று தானே உண்டாகி அதைக் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அப்படலத்தை அங்கங்கே துளைக்கிறது. துளைத்த இடம் குழியாகிறது. விமானம் ஒவ்வொரு முறை மேலேறும்போதும் உள்ளிருக்கும் காற்றழுத்தத்தால் உடல் சற்றே விரிகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. இவ்விரிவும் சுருக்கமும் ஆயிரக்கணக்கில் நிகழும்போது குழியின் விளிம்பில் வெடிப்பு பிறக்கிறது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் கூரை பறக்கும்போதே பிய்த்துக்கொண்டு போயிற்று. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். கடற்காற்றில் பத்தொன்பது ஆண்டுகள், தீவுக்குத் தீவு குறுந்தாவல்களாக ஏறத்தாழ 90,000 பறப்புகள் என்பது அவ்விமானத்தின் வரலாறு. அதன் பின்னரே மூப்படைந்த விமானங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அமெரிக்காவில் முன்னிடம் கிடைத்தது. நம் 'உடான்' திட்டத்தின் விமானங்களும் குறுந்தாவல்கள் செய்பவையே. கடற்கரை நிலையங்களும் அதில் பல. ஒரு கூரை பிய்ந்த பிறகு ஆராயத் தொடங்குவதைவிட முன்பே தொடங்குவது மேல்.

இதற்கு அயலூர் போக வேண்டியதில்லை. வள்ளல் அழகப்பரின் கொடையால் எழுந்து 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திற்கு மண்டபத்திலேயே அரிமானச் சோதனை நிலையம் உண்டு. உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் சட்டங்களில் மாட்டிவைத்து, மாதங்கள், ஆண்டுகள் கழித்து எடுத்து, துடைத்து, எடைபோட்டு, எத்தனை கிராம் கரைந்தது என்று குறிக்கிறார்கள். பார்ப்பதற்கு மிகச் சாதாரணமான வேலை. ஆனால் இதை அவசரப்படுத்த முடியாது. ஐந்தாண்டுத் தகடு ஐந்தாண்டு தொங்கித்தான் ஆக வேண்டும். பாலங்களுக்கும் படகுகளுக்கும் பயன்பட்ட இவ்வறிவை விமானக் கலவைகளுக்கும், வண்ணப்பூச்சுகளுக்கும், ஆணித்துளைகளுக்கும் விரித்தால் நாட்டிற்கே பயன்.

இரண்டாவது காற்று. பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் தொடர்வண்டியை நிறுத்திவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. 1964 திசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை நம் பாட்டன்மார் கண்ணால் கண்டவர்கள். எந்த மாதத்தில் எந்தக் காற்று என்பதை நம் மீனவர் நன்கு அறிவர். வடகடலா தென்கடலா என்று தொழிலை மாற்றிக்கொள்வதே அதை நம்பித்தான். ஓடுபாதையின் திசையை ஒருமுறை வைத்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. குறுக்குக் காற்று எத்தனை நாள், எத்தனை வேகத்தில் வீசும் என்பதைப் பல்லாண்டுப் பதிவுகளே சொல்ல முடியும். மழையில் நனைந்த ஓடுபாதையும் பின்னிருந்து தள்ளும் காற்றும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை 2020 ஆகஸ்டு 7 அன்று கோழிக்கோட்டில் கண்டோம், இருபத்தொருவர் மாண்டனர். பருவமழைக் காலத்து ஓடுபாதையின் பிடிமானம் என்பது ஐரோப்பியருக்குச் சிறிய வினா, நமக்குப் பெரிய வினா. ஓடுபாதையில் எத்தனை தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதை அளக்கும் 'திருஷ்டி' என்னும் கருவியைப் பெங்களூர் ஆய்வகம் உருவாக்கி, 2014-இல் வானிலைத் துறையோடு உடன்பாடு செய்து, பல நிலையங்களில் நிறுவியிருக்கிறது. சரஸின் புகழ் அதற்கு இல்லை. ஆனால் பயணிகளின் உயிரை நாள்தோறும் காப்பது அதுவே. எனக்கு இத்தகைய ஆராய்ச்சிகளின்மேல்தான் மதிப்பு அதிகம்.

எரிபொருளைப் பற்றி இரண்டு வரி. 2018 ஆகஸ்டு 27 அன்று டேராடூனிலிருந்து தில்லிக்கு ஒரு விமானம் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருளைக் கலந்து பறந்தது. டேராடூன் பெட்ரோலிய ஆய்வகத்தின் அருஞ்செயல் அது. ஆயினும் மானாவாரி நிலத்தில் காட்டாமணக்கு எத்தனை காய்க்கும் என்பதை நம் உழவர் சிலர் முன்பே பட்டறிந்திருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தின் வினா தீர்ந்தாலும் வயலின் வினா தீரவில்லை.

மூன்றாவது பறவை. மன்னார் வளைகுடாவும் பாக்கு நீரிணையும் வலசைப் பறவைகளின் தங்குமிடங்கள். தனுஷ்கோடிப் பக்கம் குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக நிற்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். விமான இயந்திரத்தில் ஒரு பெரிய பறவை புகுந்தாலே போதும், கேடு விளையும். 1980-களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், சாலிம் அலியின் வழிகாட்டலில், இந்திய விமான நிலையங்களில் பறவைகள் ஏன் கூடுகின்றன என்று ஊர் ஊராக ஆராய்ந்தது. இறைச்சிக் கடைக் கழிவும், திறந்த குப்பையும், ஓடுபாதையோரப் புல்லும் காரணங்கள் என்று எடுத்துரைத்தது. அந்த ஆய்வு கண்டது பெரும்பாலும் பருந்தையும் கழுகையும். நம் கரையிலோ பறவைகள் உணவு தேடி வருவது குப்பைக்கு அன்று, கடலுக்கு. எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எத்தனை உயரத்தில், எந்தக் கழியிலிருந்து எந்தக் கழிக்குப் பறக்கின்றன என்ற கணக்கு வேண்டும். நிலம் தேர்ந்தெடுத்த பிறகு எடுக்கும் கணக்கு அதற்குப் பயன்படாது.

நீண்டகாலக் கணக்கு எப்படி எடுப்பது என்பதற்கும் மண்டபமே பாடம். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம், 1971-இல் கொச்சிக்கு மாறும்வரை, மண்டபம் முகாமில்தான் இருந்தது. இறங்குதுறைகளில் என்ன மீன், எத்தனை எடை என்று ஆள்வைத்து எழுதும் வேலையை அது அன்று தொடங்கியது. இயக்குநர்கள் மாறினார்கள், தலைமையகம் மாறியது, எழுதுவது நிற்கவில்லை. இன்று நாட்டின் கடல்மீன் வளத்தைப் பற்றி எதைச் சொல்வதானாலும் அந்த ஏடுகளிலிருந்தே சொல்கிறோம்.

ஐதராபாத் பேகம்பேட்டையில் விமான நிலையங்கள் ஆணையம் சிவில் விமானப் போக்குவரத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சி அமைப்பை நிறுவியிருக்கிறது. நல்ல செய்தி. அதன் வினாப்பட்டியலில் உப்பும் காற்றும் பறவையும் இடம்பெறுமா என்பது கடற்கரை ஊர்கள் தம் வினாக்களை எழுத்தில் தருமா என்பதைப் பொறுத்தது. நம் கல்லூரியிலேயே விலங்கியல் துறை இருக்கிறது. புவியியல் துறை இருக்கிறது. பூநாரைகள் ஐப்பசிக்கு மேல் வரத் தொடங்கும். உச்சிப்புளி முதல் அரிச்சல்முனை வரை ஐந்து இடங்களில், காலையும் மாலையும், இரண்டிரண்டு மாணவர் நின்று எண்ணுவதற்கு வேண்டியவை ஒரு தொலைநோக்கியும் ஒரு நோட்டுப்புத்தகமுமே. இவ்வாண்டு எண்ணுபவர்கள் படிப்பு முடிந்து போனபின் அடுத்த ஆண்டு மாணவர் அதே ஏட்டில் தொடர வேண்டும். அதற்குத் துறைத் தலைவர்கள் இசைந்தால் இந்தப் பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.